அன்னை கஸ்தூரிபாய் நடத்திய இல்லறம்

துறவறத்தினும் இல்லறத்தை முன்வைத்துப் பேசுவது நம் தமிழ் மறை. அவ்வில்லறத்தை எளிமையாகவும் பொருளுள்ளதாகவும் நடத்துவது எங்ஙனம் என்ற வினா எழும்போது காந்தியடிகளின் பெயரே எல்லோர் நாவிலும் முதலில் வருகின்றது. ஆனால் அவ்வெளிமையை அடுக்களையிலும் நோய்ப்படுக்கையிலும் சிறைக்கூடத்திலும் தம் உடலால் சுமந்த அம்மையாரை நாம் அத்துணை எளிதில் நினைப்பதில்லை. சங்கத்தின் இவ்வாண்டு மலரிலே அன்னை கஸ்தூரிபாயின் வாழ்க்கையைச் சிறிது நினைவுகூர விழைகின்றோம்.

அன்னையார் 1869ஆம் ஆண்டு குஜராத்திலுள்ள போர்பந்தரில் கோகுலதாஸ் மாகன்ஜி என்னும் வணிகரின் மகளாகப் பிறந்தார். பள்ளி சென்று படிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. பதின்மூன்று வயதளவில், தம் வயதினரேயான மோகனதாசருக்கு மனைவியானார். இளங்கணவர் ஐயமும் அதிகாரமும் நிறைந்தவர். தம் அனுமதியின்றி மனைவி வெளியே செல்லலாகாது என்று கட்டளையிட்டார். அன்னையாரோ சச்சரவு செய்யாமல், கோயிலுக்கும் உறவினர் வீட்டிற்கும் தாம் போக வேண்டியபோது போய்வந்தார். அடங்கிய பேச்சும் அடங்காத மனவுறுதியும் அவரிடம் அன்றே குடிகொண்டிருந்தன.

1896ஆம் ஆண்டின் இறுதியில் கணவருடனும் புதல்வர்களுடனும் தென்னாபிரிக்காவுக்குக் கப்பலேறினார். பாரிஸ்டரின் குடும்பம் நாகரிகமாகத் தோன்ற வேண்டுமென்று கருதிய காந்தியடிகள், மனைவிக்குப் பார்சி முறையில் சேலையும், காலுக்குச் சப்பாத்தும் காலுறையும் விதித்தார். முள்ளுங் கரண்டியும் கொண்டு உண்ணப் பழக்கினார். சில ஆண்டுகளில் அடிகளின் மனம் எளிமையின்பால் திரும்பிற்று. தம் சட்டைக் கழுத்துப்பட்டியைத் தாமே வெளுத்தார். தம் தலைமயிரைத் தாமே கத்தரித்தார். வீட்டிலும் மாறுதல்கள் வந்தன. ஆடம்பரம் வந்தபோதும் அன்னையாரை எவரும் கேட்கவில்லை. எளிமை வந்தபோதும் கேட்கவில்லை. இரண்டும் கட்டளையாகவே வந்தன என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

1898ஆம் ஆண்டளவில் டேர்பன் நகரத்து வீட்டில் நிகழ்ந்ததொன்றை அடிகள் தம் சுயசரிதையில் மறைக்காது எழுதியுள்ளார். அவருடைய அலுவலக எழுத்தர் சிலர் அவ்வீட்டிலேயே தங்கியிருந்தனர். அவர்களுள் ஒருவர், சமூகம் தீண்டாதாரென ஒதுக்கிய குலத்திற் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய அறையின் மலசலப் பாத்திரத்தை எடுத்துச் செல்லும் கடமை அன்னையாருக்கு வந்தது. கண்ணீர் வழிய அதனை எடுத்துவந்தார். அடிகளோ முகமலர்ச்சியோடு செய்ய வேண்டுமென்று கடிந்து, வாக்குவாதம் முற்றி, மனைவியின் கையைப் பற்றி வாயில்வரை இழுத்துச் சென்றார். அந்நிய நாட்டில் தாய் தந்தையரற்ற தாம் எங்கே போவது, வெட்கமில்லையா என்று அன்னையார் கேட்டபோதுதான் அடிகள் நாணித் தலைகுனிந்தார். தீண்டாமையை ஒழிக்க விரும்பிய கொள்கை உயர்ந்ததே. அதனை இல்லாளின் மேல் ஏற்றிய முறை தாழ்ந்தது.

1901ஆம் ஆண்டில் தாயகம் திரும்ப எண்ணியபோது, இந்திய மக்கள் அன்பின் மிகுதியால் பொன்னும் மணியும் பரிசளித்தனர். அன்னையாருக்கென்று 50 கினி பெறுமதியுள்ள தங்க ஆரமொன்றும் இருந்தது. பொதுத்தொண்டுக்குக் கூலி பெறலாகாது எனக் கருதிய அடிகள், யாவற்றையும் நம்பிக்கை நிதியாக்க முடிவுசெய்தார். அன்னையார் இலேசில் இணங்கவில்லை. நாளை வரப்போகும் மருமக்களுக்கு என்ன கொடுப்பது, இரவு பகலாக வீட்டில் உழைத்தது தாமும் அல்லவா, அது தொண்டாகாதா என்று வாதாடினார். முடிவில் நகைகள் நிதியாயின. ஆயினும் அவர் எழுப்பிய வினாவை ஆசையின் குரலென்று நாம் தள்ளிவிடுதல் நீதியன்று. வீட்டில் ஒருத்தி செய்யும் உழைப்பைத் தொண்டென எண்ணாத எளிமை குறையுடையதே.

1904ஆம் ஆண்டில், இரயில் பயணத்தின்போது ரஸ்கின் என்னும் ஆங்கில அறிஞரின் நூலொன்றைப் படித்த அடிகள், டேர்பனுக்கு அணித்தாகப் பீனிக்ஸ் குடியிருப்பை அமைத்தார். சில காலத்தின் பின் அன்னையாரும் புதல்வரும் அங்கு வாழ்ந்தனர். அதன்பின் அன்னையார் கடும் நோயுற்றபோது, உப்பையும் பருப்பையும் விலக்கும்படி அடிகள் கூறினார். அவராலுங்கூட அவற்றை விட இயலாது என்று அன்னையார் மறுமொழி சொன்னார். அக்கணமே அடிகள் ஓராண்டுக்கு இரண்டையும் துறந்தார். அன்னையார் பதறி, தாமும் விட்டுவிடுவதாகவும் அடிகள் விரதத்தைத் திரும்பப் பெறவேண்டும் என்றும் அழுது வேண்டினார். அடிகள் இணங்கவில்லை. பிறரிடம் வேண்டுவதை முதலில் தம்மேல் விதித்துக்கொள்ளும் வழி அவ்வீட்டில் அன்று தெளிவாயிற்று.

1913ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கிறிஸ்தவ முறைப்படி நடந்த மணங்களே செல்லுமென்று தென்னாபிரிக்க நீதிமன்றமொன்று தீர்ப்பளித்தது. இந்து, முஸ்லிம், பார்சி மனைவியர் அனைவரும் சட்டத்தின் முன் மனைவியரல்லர் என்றாயிற்று. போராட்டத்துக்குப் பிற பெண்களை ஆயத்தஞ் செய்வதை அறிந்த அன்னையார், தம்மை மட்டும் ஏன் கேட்கவில்லை என்று தாமாகவே வினவினார். செப்டெம்பரில் எல்லை கடந்து, மூன்று மாதக் கடுங்காவலை ஏற்று, மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து எலும்புந் தோலுமாக வெளிவந்தார். இதுவரை கணவருடைய கொள்கையாக இருந்தது இப்பொழுது அவருடையதும் ஆயிற்று. அதே போராட்டத்திற் சிறை சென்று நோயுற்ற தமிழ்ச்சிறுமி தில்லையாடி வள்ளியம்மை 1914 பெப்ரவரி 22ஆம் நாள் உயிர் நீத்தார்.

1915இல் தாயகம் திரும்பி அகமதாபாத்துக்கு அருகே ஆச்சிரமம் அமைத்தபோது, தீண்டாதாரெனப்பட்ட குடும்பமொன்று அங்கு வந்து சேர்ந்தது. அன்னையார் மனம் முதலில் ஒப்பவில்லை. காலப்போக்கில் அக்குடும்பத்துச் சிறுமி இலக்குமியை மகளாக ஏற்றார். 1917இல் சம்பாரண் கிராமமொன்றிலே, துணிகளைத் துவைத்து உடுக்கும்படி ஏழைப் பெண்ணொருத்திக்கு எடுத்துரைத்தார். அவளோ அன்னையாரைக் குடிசைக்குள் அழைத்துச் சென்று, உடுத்திருக்கும் ஒரு சேலையன்றி வேறில்லை என்று காட்டினாள். விரும்பி ஏற்கும் எளிமை வேறு, வேறு வழியின்றி வரும் வறுமை வேறு.

இவ்வில்லறம் வடுவற்றதென்று நாம் கூறோம். உயர்கல்வி பெற விரும்பிய மூத்த புதல்வர் ஹரிலால் 1911இல் தந்தையுடன் பிணங்கிப் பிரிந்தார், குடிக்கும் அடிமையானார். கணவரின் கொள்கைக்கும் மகனின் கண்ணீருக்கும் இடையே நின்ற தாயுள்ளம் இறுதிவரை ஆறவில்லை.

யாழ்ப்பாண மாணவர் காங்கிரசின் அழைப்பையேற்று 1927 நவம்பரில் அடிகள் இலங்கை வந்தபோது அன்னையாரும் உடன் வந்தார். இப்பயணத்தின்போது ஒருவர் அவரை அடிகளின் தாயாரெனத் தவறாக எண்ணிவிட்டார். அடிகள் அதனைப் பிழையென வருந்தாது, சில காலமாக அவர் தமக்குத் தாய் போலவே இருந்து வருகின்றார் என்று மகிழ்வுடன் கூறினார்.

1942 ஆகஸ்டிற் சிறைப்பட்ட அன்னையார், 1944 பெப்ரவரி 22ஆம் நாள் புனாவில் ஆகாகான் மாளிகைச் சிறையிலே கணவரின் மடியில் உயிர் துறந்தார். வள்ளியம்மை மறைந்து சரியாக முப்பதாண்டுகள். அடிகள் தம் கையால் நூற்ற நூலிற் செய்த சேலையே அவர் மேனிக்குப் போர்வையாயிற்று.

சங்கத்துத் தோழர்களே! எளிமையாக வாழ்வோமென்று மேடையிற் சபதம் செய்தல் எளிது. அச்சபதத்தின் பாரம் அம்மாவின் தலையிலும் நாளை வரும் மனைவியின் தலையிலும் விழுமாயின் அது எளிமையன்று; அதிகாரத்தின் மற்றொரு வேடமே. அவர்களுடன் இருந்து பேசி, அவர்கள் சொல்வதைக் கேட்டபின், முதலில் நம் கையால் நம் துணியைத் துவைப்போம். நம் உணவுக் கலத்தை நாமே கழுவுவோம். சீதனம் வேண்டாவென்று மணமகனாகிய நாமே வாய்திறந்து சொல்வோம். பெரியோர்களே! மணப்பந்தலின் செலவுக்காகக் காணியை ஈடுவைக்கும் வழக்கத்திலிருந்து எங்களை விடுவித்து ஆசி கூறுங்கள். அன்னையாரின் திருப்பெயரால் நாம் வேண்டுவது இவ்வளவே.