பாடம் கேட்ட சாமிநாதன்

சென்ற ஆண்டு ஒரு நாள் எங்கள் பேராசிரியர் பாடத்தை இடையில் நிறுத்தி, தாம் கடைசியாகச் சொன்னது என்ன என்று என்னைக் கேட்டார். என் குறிப்பேட்டில் இரண்டு பக்கம் நிரம்பியிருந்தது. ஆனால் வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. கைதான் வேலை செய்ததே தவிர, காது வேலை செய்யவில்லை. தோழர்களின் சிரிப்புக்கிடையே அமர்ந்த எனக்கு, வகுப்பு முடிந்ததும் அவர் தண்டனையாகக் கொடுத்தது டாக்டர் உ. வே. சாமிநாதையரின் தன்வரலாற்று நூல். நம் முன்னோர் 'பாடம் கேட்டல்' என்று சொல்லி வந்ததன் பொருள் அதற்குப் பிறகே எனக்கு விளங்கிற்று.

ஐயரவர்கள் 1855ஆம் ஆண்டு பிறந்தவர். கும்பகோணத்தை அடுத்த உத்தமதானபுரம் அவர் ஊர். தந்தையார் சங்கீத வித்துவான். ஆகவே பிள்ளைப் பருவத்திலேயே செவி பண்பட்டுவிட்டது. 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார்.

பிள்ளையவர்கள் தம் வீட்டில் ஒரு தோட்டம் போட்டிருந்தார். காலையில் எழுந்ததும் செடிகளில் புதுத் தளிர் விட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவர் வழக்கம். இதைக் கவனித்த சாமிநாதன், ஆசிரியர் வருமுன்பே தோட்டத்திற்குச் சென்று தளிர்களைத் தேடி வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் ஒவ்வொன்றாகக் காட்டுவார். ஆசிரியர் முகம் மலர்ந்திருக்கும் அந்த நேரத்தில் பாடம் வேண்டுமென்று மெல்லக் கேட்பார். இதை வெறும் தந்திரம் என்று என் நண்பன் ஒருவன் வாதிட்டான். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஆசிரியரின் மனம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அங்கே தானும் போய் நின்ற மாணவன் அவன். எங்கள் பேராசிரியருக்கு எதில் பிரியம் என்று எனக்கு இன்றும் தெரியாது!

பிள்ளையவர்கள் பாடல்களை வாயால் சொல்லிக்கொண்டே போக, மாணவர்கள் ஏட்டில் எழுதுவார்கள். ஒரு சொல்லைத் தவறவிட்டாலும் செய்யுள் குலைந்துவிடும். இப்படிப்பட்ட பயிற்சி 1876இல் ஆசிரியர் மறையும் வரை நடந்தது.

1880இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று நீண்ட பட்டியலைச் சொன்னார். அவற்றால் என்ன பயன் என்று கேட்டுவிட்டு, சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்றார் முதலியார். கல்லூரி ஆசிரியர் ஒருவரை இப்படிக் கேட்டால் கோபித்துக்கொண்டு எழுந்துவிடத் தோன்றாதா? ஐயருக்கு உள்ளூர வருத்தம் இருந்தது. ஆயினும் அவர் மீண்டும் முதலியார் வீட்டுக்குப் போனார். முதலியார் தந்த பிரதியை வாங்கிவந்து படிக்கத் தொடங்கினார்.

அங்கேதான் தொல்லை. சைவ நூல்களில் ஊறிய அவருக்குச் சமண சமயச் செய்திகள் விளங்கவில்லை. நச்சினார்க்கினியர் உரை இருந்தும் பல இடங்கள் இருட்டாகவே இருந்தன. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களைத் தேடிப் போனார். சிந்தாமணி அவர்களுக்குப் பாராயண நூல். தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்த நூல். பகலில் கல்லூரியில் பாடம் சொன்னவர், சமணப் பெரியோர் வீடுகளில் மாணவரைப் போல் அமர்ந்து ஐயம் கேட்டார். கேட்டதை நூலோடு ஒத்துப் பார்த்தார். பொருந்தாவிட்டால் மறுபடியும் போய்க் கேட்டார். 1887இல் சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் அடுத்தடுத்து வந்த கதை யாவரும் அறிந்ததே.

எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. இடையன் வெட்டிய மரம் என்ற பொருளில் ஓர் உவமை சிந்தாமணியில் வருகிறது. ஐயர் எவ்வளவு யோசித்தும் அதன் கருத்துப் பிடிபடவில்லை. பின்னர் வெளியூர் ஒன்றில் ஒருவர் மரம் வெட்டுவதைப் பற்றிப் பேச்சுவாக்கில், இடையன் வெட்டு அறாத வெட்டு என்னும் பொருளுள்ள பழமொழியைச் சொன்னார். ஆடு மேய்ப்பவர்கள் கிளையை அடியோடு வெட்டுவதில்லை. ஆட்டுக்குத் தழை எட்டும்படி பாதி வெட்டிச் சாய்த்துவிடுவார்கள், கிளையும் பட்டுப்போகாது. சொன்னவர் தமக்குத் தெரிந்த ஊர்ப்பேச்சைச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். கேட்டுக்கொண்டிருந்த ஐயருக்கோ, நெடுநாளாகப் பூட்டியிருந்த ஒரு செய்யுள் அந்தக் கணமே திறந்துவிட்டது.