பாகவதர்: வாழ்வும், வாழ்வைச் சொன்னவர்களும்

எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் இரவுக் கூத்து தொடங்கும் முன் ஒலிபெருக்கிக்காரர் பழைய பாடல்களைப் போடுவார். அவற்றுள் ஒரு குரல் மட்டும் எழுந்துவிட்டால் என் தாத்தா வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிடுவார். அது எம்.கே.தியாகராஜ பாகவதரின் குரல். பாட்டு முடிந்ததும் தாத்தா கதையைத் தொடங்குவார். அது அவர் தம் தந்தையிடம் கேட்ட கதை. பாகவதர் தங்கத் தட்டில் சாப்பிட்டார். கொலை வழக்கில் சிக்கிச் சிறை போனார். திரும்பி வந்தபோது உலகம் அவரை மறந்துவிட்டிருந்தது. கண்ணொளி இழந்து, கையில் காசில்லாமல் கண்மூடினார். இப்படி முடித்துவிட்டு, மனிதன் உயரத்தில் இருக்கும்போது ஆட்டம் போடக் கூடாது என்று எனக்குப் புத்தி சொல்லுவார்.

இவ்வாண்டு மலருக்கு மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரும்படி தமிழ்த்துறைப் பேராசிரியர் கேட்டபோது எனக்குப் பாகவதரைத் தவிர வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. தாத்தாவின் கதையோடு நாலு தேதிகளைச் சேர்த்தால் கட்டுரை ஆகிவிடும் என்று எண்ணினேன். நூலகத்திற்குச் சென்று கிடைத்தவற்றைப் படித்தேன். பெரும்பாலும் எல்லாரும் தாத்தாவின் கதையையே நல்ல தமிழில் எழுதியிருந்தார்கள். எனக்கு முதலில் மகிழ்ச்சி. பிறகுதான் ஐயம் பிறந்தது.

அந்த ஐயத்தைச் சொல்லுமுன் வாழ்வைச் சொல்லிவிடுகிறேன்.

1910ஆம் ஆண்டு மாயவரத்தில், பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தவர் தியாகராஜன். வளர்ந்தது திருச்சியில். பள்ளிப் படிப்பைவிடப் பாட்டே அவரை இழுத்தது. திருச்சியில் ரயில்வே அதிகாரியாக இருந்த எஃப்.ஜி.நடேச ஐயர் நாடகப் பற்று மிக்கவர். அவர்தாம் சிறுவனின் குரலைக் கேட்டு, அரிச்சந்திரன் நாடகத்தில் லோகிதாசன் வேடம் தந்து மேடையேற்றினார். மேடையில் புகழ்பெற்ற 'பவளக்கொடி' நாடகம் 1934இல் கே.சுப்பிரமணியம் இயக்கத்தில் படமாயிற்று. பாகவதர் அருச்சுனன், எஸ்.டி.சுப்புலட்சுமி பவளக்கொடி. திரையில் அவருக்கு அதுவே முதற்படம்.

1937இல் 'சிந்தாமணி'யும் 'அம்பிகாபதி'யும் வந்தன. பின்னர் 'திருநீலகண்டர்', 'அசோக்குமார்', 'சிவகவி' என்று வெற்றிகள் தொடர்ந்தன. பாபநாசம் சிவன் புனைந்த பாடல்கள் பாகவதரின் வெண்கலக் குரலில் ஏறிப் பட்டிதொட்டியெல்லாம் பரவின. அவர் காதோரம் தொங்கவிட்ட முடிகூட இளைஞரிடையே பாகவதர் கிராப் என்று பெயர் பெற்றது. 1944 தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

அந்தப் படம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1944 நவம்பர் 8ஆம் நாள் சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாளர் கத்தியால் குத்தப்பட்டார், மறுநாள் இறந்தார். நடிகர் நடிகையரின் அந்தரங்கங்களை எழுதி வந்தவர் அவர். பாகவதரும், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடுவும் வேறு சிலரும் கைதானார்கள். 1945 மே மாதம், ஜூரிகளின் பெரும்பான்மை முடிவுப்படி பாகவதருக்கும் கலைவாணருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நாயுடு விடுவிக்கப்பட்டார். மேல்முறையீடு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள்.

அதன்பின் பாகவதர் நடித்தவை ஐந்தே படங்கள்: 'ராஜமுக்தி', 'அமரகவி', 'சியாமளா', 'புதுவாழ்வு', அவர் மறைவுக்குப் பின் 1960இல் வெளிவந்த 'சிவகாமி'. முந்தைய ஒன்பதையும் சேர்த்தால் மொத்தம் பதினான்கு. 1959 நவம்பர் 1ஆம் நாள் சென்னை அரசு பொது மருத்துவமனையில், தம் நாற்பத்தொன்பதாம் வயதில் காலமானார்.

இனி ஐயத்துக்கு வருகிறேன். இங்கே என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதலாமாண்டு இயற்பியல் ஆய்வகத்தில் தனி ஊசல் சோதனை செய்தேன். நீளத்தையும் அலைவு நேரத்தின் வர்க்கத்தையும் வரைபடத்தில் குறித்தால் நேர்கோடு வர வேண்டும். எனக்கு இரண்டு புள்ளிகள் கோட்டை விட்டு விலகி நின்றன. அழிப்பானை எடுத்தேன்; அளவீட்டைத் திருத்தினேன்; புள்ளிகள் கோட்டில் வந்து உட்கார்ந்தன. பேராசிரியர் ரெக்கார்டைப் பார்த்துவிட்டு, இவ்வளவு அழகான கோடு அந்த நூலிலும் குண்டிலும் வராது என்று சொல்லிச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். விலகி நின்ற புள்ளிதான் உனக்கு ஏதோ சொல்ல வந்தது, அதைக் கொன்றுவிட்டாயே என்று வருந்தினார்.

பாகவதரின் வரலாறுகளைப் படித்தபோது அந்தச் சிவப்பு மை நினைவுக்கு வந்தது. ஏற்றம், சிறை, வீழ்ச்சி என்று எவ்வளவு அழகான கோடு! விலகி நிற்கும் புள்ளிகள் எங்கே போயின? தேடினேன். அவை எங்கும் போய்விடவில்லை. அதே நூல்களில், அதே பக்கங்களில் இருந்தன. எழுதியவர்கள் அவற்றை வேகமாகக் கடந்து சென்றிருந்தார்கள்.

முதற்புள்ளி 'ஹரிதாஸ்'. மூன்று தீபாவளி என்றால் 1944, 1945, 1946. இவற்றுள் பின்னிரண்டு தீபாவளிகளின்போது பாகவதர் சிறையில் இருந்தார். நாயகன் கைதியாகக் கம்பிக்குள். அவன் படத்துக்கோ வெளியே கூட்டம். மக்கள் அவரை அன்றே மறந்துவிட்டார்கள் என்றால் அந்தச் சீட்டுகளை வாங்கியவர் யார்? ஓடிய நாள்களைப் பெருமையோடு சொல்பவர்கள், அடுத்த பத்தியிலேயே உலகம் கைவிட்டது என்று எழுதும்போது தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை.

இரண்டாம் புள்ளி கலைவாணர். அறிவியல் மாணவனுக்கு இது மிக முக்கியமானது. அதே வழக்கு, அதே தண்டனை, அதே விடுதலை. ஆனால் கலைவாணர் வெளியே வந்து மறுபடியும் வென்றார். 1949இல் அண்ணா எழுதிய 'நல்லதம்பி'யில் நடித்தார். 1951இல் 'மணமகள்' படத்தையும் 1952இல் 'பணம்' படத்தையும் இயக்கினார். சிறைதான் வீழ்ச்சிக்கு முழுக் காரணம் என்றால் இருவரும் அல்லவா வீழ்ந்திருக்க வேண்டும்? நகைச்சுவை நடிகரையும் நாயகனையும் ஒரே தராசில் நிறுக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவுடனே நாம் சிறையை விட்டுத் திரையுலகத்துக்கு வந்துவிடுகிறோம்.

அதுவே மூன்றாம் புள்ளி. பாகவதர் புகழேறிய காலத்தில் நடிகன் தானே பாடியாக வேண்டும். பாட்டே படம், பாடத் தெரிந்தவனே நாயகன். நாற்பதுகளின் பிற்பகுதியில் பின்னணி பாடும் முறை வேரூன்றியது. ஒருவர் பாட, வேறொருவர் வாயசைக்கலாம் என்றானபின் நாயகனுக்குக் குரல் கட்டாயமில்லை. பாட்டின் இடத்தை வசனம் பிடித்தது. 'அமரகவி'யும் 'சியாமளா'வும் வந்த அதே 1952இல்தான் 'பராசக்தி'யும் வந்தது. அந்த ஓர் ஆண்டை எண்ணிப் பார்த்தாலே போதும். பாகவதர் மாறவில்லை, அவர் நின்ற மேடை நகர்ந்துவிட்டது. சிறைக்கே போகாமல் இருந்திருந்தாலும் அந்த மேடை நகர்ந்திருக்கும் என்றே நான் கருதுகிறேன். இப்படி எழுதினால் கண்ணீர் வராது. ஆகையால் இது பலருக்கும் ஒற்றை வரியோடு நின்றுவிடுகிறது.

நான்காம் புள்ளி நீதிமன்றத்தில் இருக்கிறது. இலண்டன் விடுவித்தது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிரிவி கவுன்சில் வழக்கை மறுபடி விசாரிக்கும்படி சென்னை உயர்நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. விடுவித்தது சென்னை உயர்நீதிமன்றம்தான். கடல் கடந்து வந்த தீர்ப்பு என்றால் கதைக்கு ஒரு கம்பீரம். அதனால் இந்தச் சிறு திருத்தம். ஆனால் பெரிய விடுதலொன்று உண்டு. லட்சுமிகாந்தனைக் கொன்றது யார் என்பது இன்றுவரை நிலைநாட்டப்படவில்லை. அவர் எழுதியவை எவ்வளவு இழிவானவையாக இருந்தாலும் ஒரு மனிதர் பட்டப்பகலில் குத்தப்பட்டு இறந்தார். வரலாற்றாசிரியர்களின் கையில் அவர் நாயகனுக்கு இடையூறு செய்யும் வில்லனாகவே தோன்றி மறைகிறார். ஒருவரைத் தெய்வமாக்கும்போது பக்கத்தில் நிற்பவரைப் பேயாக்குவது எளிதாகிவிடுகிறது.

தங்கத் தட்டும் வெறுங்கையும்கூட அப்படி ஒன்றுக்கொன்று துணை என்றே நினைக்கிறேன். கடைசி வரியில் வெறுங்கை வர வேண்டுமானால் முதல் வரியில் தங்கத் தட்டு இருந்தாக வேண்டும். நடுவிலே அவர் கச்சேரிகள் செய்ததும், 'புதுவாழ்வை' அவரே இயக்கியதும், கடைசிவரை பாடிக்கொண்டிருந்ததும் கதைக்குத் தேவைப்படவில்லை. அவற்றைச் சேர்த்தால் அவர் விழுந்தவராக அல்லாமல், காலம் மாறியபின்னும் தம் தொழிலை விடாமல் செய்த ஒரு கலைஞராகத் தெரிவார். எனக்கு அந்தப் பாகவதரைத்தான் பிடித்திருக்கிறது.

வரலாறு எழுதியவர்கள் பொய்யர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் அன்பினால் எழுதினார்கள். என் தாத்தாவும் அன்பினால்தான் சொன்னார். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு நடிகரின் வரலாறன்று. பேரனுக்குச் சொல்ல ஒரு நீதி. நீதிக்கு ஏற்ற அளவில் வாழ்வை வெட்டிக்கொண்டார்.

இதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று யோசித்தேன். சென்ற தை மாதம் எங்கள் ஊர் இளைஞர் மன்றத்தில், ஊரிலிருந்து கல்லூரிக்குப் போனவர்களைப் பாராட்டிச் சால்வை போட்டார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பேசிய பெரியவர் ஒருவர், மண்ணெண்ணெய் விளக்கில் படித்து முன்னேறிய பிள்ளை என்று என்னைப் புகழ்ந்தார். எங்கள் வீட்டில் நான் பிறக்குமுன்பே மின்விளக்கு இருக்கிறது. கைதட்டல் பலமாக இருந்ததால் நான் திருத்தவில்லை. அந்தப் பேச்சில் என் அக்கா வரவேயில்லை. பத்தாம் வகுப்போடு நின்று திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவள் அவள். என் விடுதிக் கட்டணம் அவள் சம்பளத்திலிருந்து வருகிறது. என்னைவிட அவள்தான் கணக்கில் கெட்டிக்காரி. அவளைச் சேர்த்தால் என் கதை நேர்கோடாக வராது. அவள் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும்போல் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

பாகவதர் கதையை அலங்கரித்தவர்களைக் குறை சொல்ல உட்கார்ந்த எனக்கு அந்தக் கைதட்டல் நினைவுக்கு வந்து பேனா நின்றுவிட்டது. என் இருபது வயது வாழ்விலேயே, நான் உயிரோடு மேடையில் நிற்கும்போதே, இப்படிச் செய்ய முடிகிறது. மறுப்புச் சொல்ல முடியாத மறைந்த மனிதருக்கு எதைத்தான் செய்ய முடியாது?

நண்பர்களே, நம்மில் பலர் நாளை ஆசிரியராவோம், சிலர் எழுதுவோம், எல்லாருமே நம் பிள்ளைகளுக்குக் கதை சொல்வோம். அப்போது விலகி நிற்கும் புள்ளியை அழிக்காமல் அங்கேயே விட்டுவைப்போம். தாத்தாவிடம் இம்முறை விடுமுறையில் 'ஹரிதாஸ்' தேதிகளைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்படியானால் நம் ஜனங்கள் அவரைக் கைவிடவில்லை என்று சொல்லித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் கதை சப்பென்று போய்விடும் என்று நான் அஞ்சியது வீண்.

அக்காவுக்கு இந்த மலரின் ஒரு படியை அனுப்பப் போகிறேன். அவள் பெயரை அச்சிட வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டதால் அதை மட்டும் விட்டிருக்கிறேன்.