கேரள போலீஸ் அணி முதல் சென்னை இந்தியன் வங்கி வரை: கேப்டன் வி.பி. சத்யனின் கால்பந்து வாழ்க்கை

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகரின் மையப் பகுதியில், பாளையத்துக்கு அருகே அமைந்துள்ளது சந்திரசேகரன் நாயர் காவல்துறை விளையாட்டரங்கம். இந்தியக் கால்பந்து வரலாற்றில் தனி இடம் பெற்ற கேரள போலீஸ் அணியின் பெயர் இந்த நகரோடு இணைந்தது. அந்த அணியில் இருந்து எழுந்து, மாநில அணிக்கும் தேசிய அணிக்கும் தலைமை ஏற்று, பின்னர் பயிற்சியாளராகச் சென்னையில் பணியாற்றியவர் வி.பி. சத்யன். 41 வயதிலேயே மறைந்த அவரை, கேரளக் கால்பந்து ரசிகர்கள் இன்றும் கேப்டன் என்றே குறிப்பிடுகின்றனர்.

வட்டப்பரம்பத்து சத்யன் என்பது அவரது முழுப்பெயர். கண்ணூர் மாவட்டத்தில் சொக்லி அருகே உள்ள மேக்குன்னு கிராமத்தில் 1965 ஏப்ரல் 29 அன்று பிறந்தார். கண்ணூரில் வளர்ந்த அவரது ஆட்டம், அந்நகரின் லக்கி ஸ்டார் அணியில் மெருகேறியது. தடுப்பாட்ட வரிசையின் நடுவில் நிற்கும் ஸ்டாப்பர் பேக் ஆட்டக்காரராகவே அவர் பெரிதும் அறியப்பட்டார். தேவைப்பட்டபோது நடுக்களத்திலும் ஆடினார். எதிரணியின் தாக்குதலை முன்கூட்டியே கணித்து இடைமறிப்பதும், தொலைவிலிருந்து வலுவாகப் பந்தை உதைப்பதும் அவரது தனிச்சிறப்புகளாக விளங்கின.

அரசு வேலையும் கால்பந்தும்

சத்யன் ஆடத் தொடங்கிய 1980களில், இந்தியாவில் தொழில்முறைக் கால்பந்து வேரூன்றியிருக்கவில்லை. கொல்கத்தா, கோவா நகரங்களின் பெரிய கிளப்புகளை விட்டால், விளையாட்டு வீரருக்கு நிலையான வருமானம் தந்தவை அரசுத் துறைகளும் வங்கிகளும் பொதுத்துறை நிறுவனங்களுமே. திருவனந்தபுரத்தில் மட்டும் டைட்டானியம் தொழிற்சாலை, திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கி, மின்சார வாரியம், கணக்காயர் அலுவலகம் எனப் பல நிறுவனங்கள் கால்பந்து அணிகளை வைத்திருந்தன. நன்றாக ஆடும் இளைஞனுக்கு மாதச் சம்பளத்துடன் கூடிய வேலை உறுதி என்ற நிலை, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளையும் மைதானத்துக்கு அழைத்து வந்தது.

1980களின் நடுப்பகுதியில் கேரளக் காவல்துறையும் மாநிலம் முழுவதிலும் இருந்து திறமையான இளைஞர்களைத் தேடி வேலைக்கு எடுத்து, ஓர் அணியை உருவாக்கியது. சத்யனுடன் சி.வி. பாப்பச்சன், யு. ஷரபலி, குரிகேஷ் மேத்யூ, தோபியாஸ், கோல்கீப்பர் கே.டி. சாக்கோ ஆகியோர் அதில் இடம்பெற்றனர். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்றுக்கொண்டிருந்த ஐ.எம். விஜயனும் இந்த அணியின் வழியாகவே நாடறிந்த வீரரானார்.

அதே காலத்தில் திருவனந்தபுரம் நகரம் சர்வதேசக் கால்பந்தையும் நேரில் கண்டது. வெளிநாட்டு அணிகள் பங்கேற்ற நேரு கோப்பைப் போட்டி 1986-லும் 1991-லும் இங்கு நடத்தப்பட்டது. முதல் முறை சோவியத் ஒன்றியமும், இரண்டாவது முறை ருமேனியாவும் கோப்பையை வென்றன. உலகத் தரத்திலான ஆட்டத்தைப் பார்த்துப் பழகிய ரசிகர்களின் எதிர்பார்ப்பை உள்ளூர் அணிகளும் நிறைவு செய்ய வேண்டியிருந்தது.

அடுத்தடுத்து இரு கோப்பைகள்

நாட்டின் முன்னணி கிளப்புகளுக்கான ஃபெடரேஷன் கோப்பைப் போட்டி 1977-இல் தொடங்கியது. முதல் போட்டி கேரளத்தின் எர்ணாகுளத்தில்தான் நடைபெற்றது. ஆயினும் அதற்குப் பிந்தைய 12 ஆண்டுகளில் கேரளத்தைச் சேர்ந்த எந்த அணியும் அக்கோப்பையை வெல்லவில்லை.

இந்த ஏக்கத்தைத் தீர்த்து வைத்தது கேரள போலீஸ் அணி. 1990-இல் திருச்சூரில் நடந்த இறுதி ஆட்டத்தில் கோவாவின் சல்கோகர் அணியை 2-1 என்ற கோல் கணக்கில் அது வீழ்த்தியது. மறு ஆண்டு கண்ணூரில் நடந்த இறுதி ஆட்டத்தில் மும்பையின் மஹிந்திரா அணியை 2-0 என வென்று கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. சொந்த மாவட்டத்து மக்களின் முன்னிலையில் கிடைத்த அந்த வெற்றி, சத்யனுக்குக் கூடுதல் சிறப்பு வாய்ந்தது. கொல்கத்தா, கோவா கிளப்புகளின் ஆதிக்கத்தில் இருந்த ஒரு போட்டியை, காவலர் சீருடை அணிந்த இளைஞர்கள் இரண்டு முறை தொடர்ந்து வென்றது அன்று நாடு முழுவதும் பேசப்பட்டது.

கோவையில் தீர்ந்த 18 ஆண்டுத் தாகம்

கேரளத்தைப் பொறுத்தவரை ஃபெடரேஷன் கோப்பையை விடவும் மனத்துக்கு நெருக்கமானது, மாநில அணிகளுக்கு இடையிலான சந்தோஷ் டிராபி. 1941-இல் தொடங்கிய இப்போட்டியில் கேரளம் முதன்முறையாக 1973 டிசம்பரில் வாகை சூடியது. எர்ணாகுளத்தில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தில், கேப்டன் மணி அடித்த மூன்று கோல்களின் உதவியுடன் ரயில்வே அணியை 3-2 என வென்றது. அந்த அணிக்குப் பயிற்சி அளித்தவர், 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடிய சைமன் சுந்தரராஜ்.

அதன் பிறகு வெற்றி கைநழுவிக்கொண்டே இருந்தது. குறிப்பாக 1988 முதல் 1991 வரை கேரளம் தொடர்ந்து நான்கு முறை இறுதி ஆட்டத்தை எட்டி, நான்கிலும் தோற்றது. 1988-இல் கொல்லத்தில் பஞ்சாபிடமும், 1989-இல் குவாஹாட்டியில் மேற்கு வங்கத்திடமும் பெனால்டி ஷூட் அவுட்டில் கோப்பையை இழந்தது. 1990-இல் மட்காவில் கோவாவிடமும், 1991-இல் சொந்த மண்ணான பாலக்காட்டில் மகாராஷ்டிரத்திடமும் வீழ்ந்தது. இறுதி ஆட்டம் என்றாலே கேரளத்துக்கு ராசியில்லை என்ற பேச்சு மாநிலத்தில் பரவலாக எழுந்தது.

இந்தச் சூழலில்தான் 1992 போட்டிக்கான கேரள அணிக்குச் சத்யன் தலைமை ஏற்றார். 1973 அணியின் துணைக் கேப்டனாக இருந்த டி.ஏ. ஜாஃபர் பயிற்சியாளராகப் பொறுப்பு வகித்தார். போட்டி நடந்த இடம் கோவை. கேரள எல்லையை ஒட்டிய நகரம் என்பதால், பாலக்காட்டுக் கணவாய் வழியாக ரசிகர்கள் எளிதில் வந்து சேரும் தொலைவில்தான் களம் இருந்தது.

இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கேரளத்தைத் தோற்கடித்த அதே கோவா. இம்முறை ஷூட் அவுட் வரை செல்ல வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. கேரளம் 3-0 என்ற கோல் கணக்கில் வென்றது. சத்யன் தலைமையிலான தடுப்பாட்டத்தைக் கடந்து கோவாவால் ஒரு கோல்கூட அடிக்க இயலவில்லை. 18 ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்த கோப்பை கேரளம் வந்து சேர்ந்தது. தன்னம்பிக்கை பெற்ற அணி, 1993-இல் கொச்சியில் மகாராஷ்டிரத்தை வென்று பட்டத்தைத் தக்கவைத்தது. இன்று வரை கேரளம் ஏழு முறை சந்தோஷ் டிராபியை வென்றுள்ள போதிலும், தொடர் தோல்விகளின் சுமையை இறக்கி வைத்த கோவை வெற்றிக்குத் தனி மதிப்பு உண்டு.

சென்னையில் கிடைத்த தங்கம்

1990களில் சத்யன் இந்திய அணியின் கேப்டனாகவும் உயர்ந்தார். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ஆண்டின் சிறந்த வீரர் விருதும் அவரைத் தேடி வந்தது. கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான் ஆகிய புகழ்பெற்ற கிளப்புகளுக்காகவும் அவர் களமிறங்கினார்.

தேசிய அணித் தலைவராக அவர் பெற்ற மிகப்பெரிய வெற்றியும் தமிழ்நாட்டில்தான் அமைந்தது. 1995 டிசம்பரில், அப்போது மெட்ராஸ் என்று அழைக்கப்பட்ட சென்னையில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. இந்தியா 1985-லும் 1987-லும் இப்போட்டியின் கால்பந்தில் தங்கம் வென்றிருந்தது. அதற்குப் பின் இரண்டு முறை பாகிஸ்தானும் ஒரு முறை நேபாளமும் தங்கத்தைக் கைப்பற்றின. எட்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, சத்யன் தலைமையிலான இந்திய அணி இறுதி ஆட்டத்தில் வங்கதேசத்தை 1-0 என்ற கோல் கணக்கில் வென்று தங்கத்தை மீட்டது. வெற்றிக்கான கோலை அடித்தவர் தமிழ்நாட்டு வீரர் சாபிர் பாஷா.

அந்தத் தங்கத்தின் மதிப்பை அன்று எவரும் முழுமையாக உணர்ந்திருக்க வாய்ப்பில்லை. அதன் பின்னர் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் எதிலும் ஆடவர் கால்பந்தில் இந்தியா தங்கம் வெல்லவில்லை.

பயிற்சியாளராக

பின்னர் சத்யன் சென்னையிலேயே தங்கி, இந்தியன் வங்கியில் பணியில் சேர்ந்தார். வங்கி ஊழியராகவும் அதன் கால்பந்து அணியின் வீரராகவும் விளங்கிய அவர், ஆட்டக்களத்தில் இருந்து ஒதுங்கிய பின் அதே அணியின் பயிற்சியாளரானார்.

அந்தப் பொறுப்பு எளிதானதன்று. 1996-இல் தேசிய கால்பந்து லீக் தொடங்கியதும் இந்தியக் கால்பந்தின் போக்கு மாறியது. பெரிய கிளப்புகள் அதிக ஊதியம் கொடுத்து வெளிநாட்டு வீரர்களை அழைத்து வந்தன. கேரளத்தில் 1997-இல் எஃப்சி கொச்சின் என்ற தொழில்முறை கிளப் உருவானது. மறுபுறம், ஊழியர்களையே வீரர்களாகக் கொண்ட இந்தியன் வங்கி அணி, அதே லீக்கில் அத்தகைய கிளப்புகளை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. வீரராக இருந்தபோது வென்றதைப் போன்ற பெரிய கோப்பைகளைப் பயிற்சியாளராக அவரால் குவிக்க இயலாமல் போனதற்கு இந்த ஏற்றத்தாழ்வைக் கணக்கில் கொள்ளாமல் இருக்க முடியாது. ஆயினும், நாட்டுக்குத் தலைமை தாங்கிய ஒருவரிடம் அன்றாடம் பயிற்சி பெறும் வாய்ப்பு சென்னை இளைஞர்களுக்கு அவரால் கிடைத்தது.

வலியும் முடிவும்

வெளியே தெரிந்த வெற்றிகளுக்குப் பின்னால் நீண்ட வேதனையும் இருந்தது. ஆட்டக்காலத்தில் காலில் மீண்டும் மீண்டும் ஏற்பட்ட காயங்கள் சத்யனை விடாது துன்புறுத்தின. வலியைப் பொறுத்துக்கொண்டே பல ஆட்டங்களில் அவர் களமிறங்கினார். ஆட்டத்தை நிறுத்திய பின்னரும் அந்த வலி அவரை விட்டு நீங்கவில்லை. காலப்போக்கில் மன அழுத்தமும் சேர்ந்துகொண்டது.

காயமடைந்த வீரரின் உடலைக் கவனிக்கவே போதிய ஏற்பாடுகள் இல்லாத காலம் அது. ஓய்வு பெற்ற வீரரின் மனநலம் குறித்து விளையாட்டு அமைப்புகள் சிந்திக்கத் தொடங்கியிருக்கவில்லை. 2006 ஜூலை 18 அன்று சென்னை பல்லாவரத்தில் சத்யன் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அந்தச் செய்தி கேரளத்தையும் தமிழ்நாட்டுக் கால்பந்து வட்டாரத்தையும் ஒருசேர உலுக்கியது.

மறையாத பெயர்

சத்யனின் மறைவுக்குப் பிந்தைய ஆண்டுகளில், அவர் வாழ்ந்த காலத்துக் கால்பந்து அமைப்பும் பெருமளவு மாறிவிட்டது. வீரர்களுக்கு வேலை தந்த பல நிறுவனங்களின் அணிகள் கலைந்தன. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கி, 2017 ஏப்ரல் 1 அன்று பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைக்கப்பட்டது. இன்றைய இளம் வீரர்கள் அரசு வேலையை விட, ஐஎஸ்எல் கிளப்புகளின் ஒப்பந்தங்களையே பெரிதும் எதிர்நோக்குகின்றனர்.

அவரது வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்டு, பிரஜேஷ் சென் இயக்கத்தில் கேப்டன் என்ற மலையாளத் திரைப்படம் 2018-இல் வெளியானது. சத்யனாக நடித்த ஜெயசூர்யா, அந்த ஆண்டுக்கான சிறந்த நடிகருக்கான கேரள மாநில விருதைப் பகிர்ந்துகொண்டார். சத்யனின் ஆட்டத்தை நேரில் பார்த்திராத தலைமுறை ஒன்று அப்படத்தின் வழியாக அவரை அறிந்துகொண்டது.

கோவையில் மாநிலத்துக்கான கோப்பை, சென்னையில் நாட்டுக்கான தங்கம், அதே சென்னையில் பயிற்சியாளர் பொறுப்பு எனச் சத்யனின் வாழ்வின் முக்கியக் கட்டங்கள் பலவும் தமிழ் மண்ணிலேயே நிகழ்ந்தன. அவர் கேரளத்தின் கேப்டன் என்பதில் ஐயமில்லை. தமிழ்நாட்டுக் கால்பந்து வரலாற்றிலும் அவருக்கு ஓர் இடம் உண்டு.

(மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ ஏற்பட்டால், டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றித் தொடர்புகொண்டு ஆலோசனை பெறலாம்.)