நாற்பத்து நான்கு வயது கோல்காப்பாளர்

கனடாவில் குளிர்காலம் வந்துவிட்டால் குளங்களும் ஆறுகளும் உறைந்து கல்லைப்போல் இறுகிவிடும். சிறுவர்கள் சறுக்குக் காலணிகளை அணிந்து, வளைந்த மட்டையைக் கையிலேந்தி, அந்தப் பனிக்கட்டியின்மீது விளையாட இறங்கிவிடுவார்கள். பந்துக்குப் பதிலாக, கடினமான ரப்பர் வட்டு ஒன்றை அடித்து ஆடும் ஐஸ் ஹாக்கி இப்படித்தான் அந்நாட்டு மக்களின் வாழ்வோடு கலந்தது. அந்த ஆட்டத்திற்கு இன்றுள்ள வடிவத்தைக் கொடுத்தவர்களுள் முக்கியமானவர் லெஸ்டர் பேட்ரிக்.

லெஸ்டர் 1883ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கியூபெக் மாநிலத்திலுள்ள டிரம்மண்ட்வில் நகரில் பிறந்தார். தந்தை ஜோசப் பேட்ரிக் மரத்தொழில் செய்து வந்தார். லெஸ்டரைவிட இரண்டு வயது இளையவரான தம்பி ஃபிராங்க், பிற்காலத்தில் அண்ணன் மேற்கொண்ட முயற்சிகள் பலவற்றில் பங்காளியாக இருந்தார். குடும்பம் மாண்ட்ரியல் நகருக்குக் குடிபெயர்ந்தபோது சகோதரர்கள் இருவரும் ஐஸ் ஹாக்கி ஆடக் கற்றுக்கொண்டனர். லெஸ்டர் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆனால், ஆட்டத்தின்மீது இருந்த ஈடுபாட்டால் அவருடைய படிப்பு நீடிக்கவில்லை.

அக்காலத்தில் ஓர் அணியில் எழுவர் ஆடினர். தற்காப்பு ஆட்டக்காரரின் வேலை பின்னால் நின்று எதிரணியைத் தடுப்பது மட்டுமே. வட்டு கையில் கிடைத்தால் அதை உயரத் தூக்கி முன்னே அடித்துவிடுவார். அதைத் துரத்திச் செல்வது மற்றவர்கள் பொறுப்பு. மனிட்டோபா மாநிலத்தின் பிராண்டன் அணியில் தற்காப்பு ஆட்டக்காரராக இருந்த லெஸ்டர், வட்டைத் தாமே மட்டையால் தள்ளிக்கொண்டு எதிரணியின் கோல் வரை சென்றார். அவ்வாறு ஆடிய முதல் சிலருள் அவரும் ஒருவர். பிராண்டன் அணி 1904ஆம் ஆண்டு ஸ்டான்லி கிண்ணத்திற்காக ஒட்டாவா அணியை எதிர்த்து ஆடித் தோற்றது.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே ஒட்டாவாவை அவர் மீண்டும் சந்தித்தார். இம்முறை அவர் மாண்ட்ரியல் வாண்டரர்ஸ் அணியில் இருந்தார். இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டி வெற்றியாளரை முடிவு செய்வது அன்றைய வழக்கம். முதல் ஆட்டத்தில் வாண்டரர்ஸ் 9-1 என்று வென்றது. எட்டு கோல் முன்னிலை போதும் என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். ஆனால் இரண்டாம் ஆட்டத்தில் ஒட்டாவா ஒன்பது கோல்களைப் போட்டு, மொத்தக் கணக்கைச் சமமாக்கிவிட்டது. நெருக்கடியான அந்த நேரத்தில் 22 வயது லெஸ்டர் அடுத்தடுத்து இரண்டு கோல்களை அடித்தார். 12-10 என்ற கணக்கில் கிண்ணம் மாண்ட்ரியலுக்குச் சென்றது. 1907லும் அந்த அணி கிண்ணத்தை வென்றது.

அதே ஆண்டு தந்தையின் மரத்தொழில் கனடாவின் மேற்குப் பகுதிக்கு மாறியது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள நெல்சன் என்ற மலையூரில் லெஸ்டர் குடும்பத்தொழிலைக் கவனித்தார். 1910ஆம் ஆண்டில் ஒண்டாரியோ மாநிலத்தின் ரென்ஃபுரூ என்ற சிற்றூரின் அணி அவரை 3,000 டாலர் கொடுத்து அழைத்தது. ஒரு பருவத்திற்கு அது மிகப் பெரிய தொகை. பணத்தைக் கொட்டி நட்சத்திரங்களைத் திரட்டியும் அந்த அணிக்குக் கிண்ணம் கிடைக்கவில்லை.

1911ஆம் ஆண்டு பேட்ரிக் குடும்பம் மரத்தொழிலை விற்றது. அந்தப் பணத்தைப் பலரும் துணியாத ஒரு முயற்சியில் போட்டது. கனடாவின் மேற்குக் கரையோரத்தில் கடற்காற்றினால் குளிர் குறைவு. அங்கு நீர்நிலைகள் உறைவது அரிது. பனிக்கட்டியே இல்லாத இடத்தில் ஐஸ் ஹாக்கி ஆடுவது எப்படி? தரைக்கு அடியில் குழாய்களைப் பதித்து, கடுங்குளிரூட்டப்பட்ட உப்புநீரை அவற்றில் ஓடவிட்டு, மேலே ஊற்றும் நீரை உறையவைப்பதுதான் வழி. நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டி இயங்கும் அதே அடிப்படைதான். அண்ணனும் தம்பியும் விக்டோரியாவில் ஓர் அரங்கையும் வான்கூவரில் அதைவிடப் பெரிய அரங்கையும் எழுப்பினர். கனடாவின் முதல் செயற்கைப் பனித்தளங்கள் அவையே. 1912 ஜனவரியில் மூன்று அணிகளுடன் அவர்களுடைய பசிபிக் கரையோர லீக் தொடங்கியது.

அந்த லீக் விந்தையான ஒன்று. அரங்குகள் பேட்ரிக் குடும்பத்தினுடையவை. அணிகளை நடத்தியவர்கள் அவர்கள். விதிகளை எழுதியவர்களும் அவர்களே. லெஸ்டர் விக்டோரியா அணிக்கும் ஃபிராங்க் வான்கூவர் அணிக்கும் தாமே ஆடவும் செய்தனர். இன்று எந்த விளையாட்டுச் சங்கமும் இதை ஏற்காது. கிழக்கிலிருந்த சிறந்த ஆட்டக்காரர்களை அதிகச் சம்பளம் தருவதாகக் கூறி இழுத்துக்கொண்டதால், அங்குள்ள அணி உரிமையாளர்களின் கோபத்திற்கும் அவர்கள் ஆளாயினர். ஆயினும், தம் அணிகளுக்குச் சாதகமாக விதிகளை வளைக்காமல், ஆட்டம் விறுவிறுப்பாக வேண்டும் என்பதற்காகவே அவர்கள் அவற்றை மாற்றினர். முதல் பருவத்தில் வாகை சூடியதும் விக்டோரியாவோ வான்கூவரோ அன்று. நியூ வெஸ்ட்மின்ஸ்டர் என்ற மூன்றாவது அணிதான்.

அதுவரை வட்டைப் பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோதான் சக ஆட்டக்காரருக்கு அனுப்ப முடியும். பேட்ரிக் சகோதரர்கள் தளத்தின் குறுக்கே இரண்டு நீலக்கோடுகளை வரைந்து அதை மூன்று பகுதிகளாகப் பிரித்து, நடுப்பகுதியில் வட்டை முன்னோக்கி அனுப்பலாம் என்றனர். ஆட்டத்தின் வேகம் கூடியது. கோல் அடிக்க உதவியவரின் பெயரைப் பதிவு செய்தனர். தண்டனை அடியையும் கொண்டுவந்தனர். இந்த யோசனைகளில் பெரும்பாலானவை ஃபிராங்கின் மனத்தில் உதித்தவை. அண்ணன் அவற்றைக் களத்தில் சோதித்துப் பார்த்தார் என்று சொல்வதே பொருத்தம். எல்லாவற்றிலும் அவர்கள் முன்னோடிகளாக இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. கிழக்கில் அறுவர் ஆட்டம் வழக்கத்திற்கு வந்த பின்னரும் பல ஆண்டுகள் அவர்கள் எழுவர் ஆட்டத்தை விடவில்லை.

அவர்கள் மாற்றிய விதிகளுள் மற்றொன்று கோல்காப்பாளரைப் பற்றியது. வட்டைத் தடுக்க அவர் மண்டியிடவோ விழவோ கூடாது. நின்றபடியேதான் தடுக்க வேண்டும் என்பது பழைய விதி. சகோதரர்கள் அந்தத் தடையை நீக்கினர். பதினைந்து ஆண்டுகளுக்குப்பின் அந்த மாற்றம் தமக்கே கைகொடுக்கும் என்று லெஸ்டர் அப்போது எண்ணியிருக்க மாட்டார்.

1925ஆம் ஆண்டு லெஸ்டரின் பயிற்சியில் விக்டோரியா கூகர்ஸ் அணி, மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அணியைத் தோற்கடித்து ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது. தேசிய ஹாக்கி லீக்கைச் சேராத ஓர் அணி அக்கிண்ணத்தை வென்றது அதுவே கடைசி முறை. மேற்குப் பகுதியின் சிறு நகரங்களால் உயர்ந்துகொண்டே போன சம்பளத்தைத் தாங்க இயலவில்லை. 1926இல் ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்கள் கிழக்கத்திய அணிகளுக்கு விற்கப்பட்டன. அதே ஆண்டு, புதிதாகத் தொடங்கப்பட்ட நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியின் பயிற்றுநர் பொறுப்பை லெஸ்டர் ஏற்றார். மேற்கில் ஆடிப் பழகிய பில் குக், அவருடைய தம்பி பன் குக், ஃபிராங்க் பூஷே ஆகிய மூவரும் அந்த அணியில் இருந்தனர்.

இரண்டாவது பருவத்திலேயே ரேஞ்சர்ஸ் இறுதிச் சுற்றை எட்டியது. எதிரணி மாண்ட்ரியல் மரூன்ஸ். நியூயார்க் அரங்கில் சர்க்கஸ் நடந்துகொண்டிருந்ததால் எல்லா ஆட்டங்களும் மாண்ட்ரியலிலேயே நடந்தன. முதல் ஆட்டத்தில் ரேஞ்சர்ஸ் தோற்றது. 1928 ஏப்ரல் 7ஆம் நாள் நடந்த இரண்டாவது ஆட்டத்தில், மரூன்ஸ் வீரர் நெல்ஸ் ஸ்டூவர்ட் அடித்த வட்டு ரேஞ்சர்ஸ் கோல்காப்பாளர் லோர்ன் ஷபோவின் கண்ணைத் தாக்கியது. அவரால் தொடர்ந்து ஆட முடியவில்லை. முகக்கவசம் வழக்கத்தில் இல்லாத காலம் அது.

அந்நாளில் ஓர் அணி ஒரேயொரு கோல்காப்பாளரையே உடன் அழைத்துச் செல்லும். வெளியாள் ஒருவரைப் பயன்படுத்த எதிரணி சம்மதிக்க வேண்டும். ஒட்டாவா அணியின் சிறந்த கோல்காப்பாளர் அலெக் கானெல் அன்று பார்வையாளர்களிடையே அமர்ந்திருந்தார். அவரை ஆடவைக்க லெஸ்டர் அனுமதி கேட்டார். மரூன்ஸ் பயிற்றுநர் எடி ஜெரார்ட் மறுத்துவிட்டார். விதிப்படி அது தவறன்று, பெருந்தன்மையும் அன்று. முடிவெடுக்கச் சில நிமிடங்களே இருந்தன. இல்லையேல் ஆட்டத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்.

நரைத்த தலையுடன் இருந்த 44 வயது லெஸ்டர், ஷபோவின் தடித்த காப்புகளைக் கட்டிக்கொண்டு தாமே பனித்தளத்தில் இறங்கினார். வாழ்நாளின் பெரும்பகுதியைத் தற்காப்பு ஆட்டக்காரராகக் கழித்தவர் அவர். பார்வையாளராக வந்திருந்த பிட்ஸ்பர்க் பயிற்றுநர் ஓடி கிளெக்ஹார்ன் ரேஞ்சர்ஸ் அணியை வழிநடத்தினார். எதிரணியினர் கோல் அருகே வராதவாறு ரேஞ்சர்ஸ் வீரர்கள் உயிரைக் கொடுத்துத் தடுத்தனர். அப்படியும் வந்த வட்டுகளை லெஸ்டர் மண்டியிட்டும் விழுந்தும் தடுத்தார். மூன்றாம் பகுதி ஆட்டத்தில் பில் குக் முதல் கோலை அடித்தார். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது ஸ்டூவர்ட் அதைச் சமன் செய்தார். லெஸ்டர் விட்ட ஒரே கோல் அதுதான். கூடுதல் நேரத்தின் எட்டாவது நிமிடத்தில் ஃபிராங்க் பூஷே வெற்றிக் கோலை அடிக்க, களைத்துப்போன பயிற்றுநரை வீரர்கள் சூழ்ந்துகொண்டனர்.

எஞ்சிய ஆட்டங்களில் ஜோ மில்லர் என்ற கோல்காப்பாளர் ஆடினார். மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் ரேஞ்சர்ஸ் கிண்ணத்தை வென்றது.

லெஸ்டர் 1939 வரை பயிற்றுநராக இருந்தார். 1933இல் மீண்டும் கிண்ணத்தை வென்றார். 1931 முதல் 1938 வரையிலான எட்டுப் பருவங்களில் ஏழு முறை லீக்கின் சிறந்த பயிற்றுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மகன்கள் லின், மஸ் இருவரும் ஆட்டக்காரர்களாக வளர்ந்தனர். சொந்த மகனை அணியில் சேர்த்தால் பாரபட்சம் என்ற பேச்சு எழும் என்று லெஸ்டர் முதலில் தயங்கினார். 1940இல் ரேஞ்சர்ஸ் மூன்றாம் முறை கிண்ணத்தை வென்றபோது லெஸ்டர் அணியின் மேலாளர். பயிற்றுநர் ஃபிராங்க் பூஷே. அணியில் மகன்கள் இருவருமே இருந்தனர். அடுத்த கிண்ணத்திற்கு அந்த அணி 1994 வரை காத்திருக்க நேர்ந்தது.

1946இல் மேலாளர் பொறுப்பிலிருந்து விலகிய லெஸ்டர், விக்டோரியாவுக்கே திரும்பினார். அவர் கட்டிய அரங்கு 1929லும் தம்பியின் வான்கூவர் அரங்கு 1936லும் தீயில் எரிந்துபோயிருந்தன. அவர்கள் வரைந்த நீலக்கோடுகள் ஐஸ் ஹாக்கித் தளங்களில் இன்றும் உள்ளன. 1960 ஜூன் 1ஆம் நாள் லெஸ்டர் விக்டோரியாவில் காலமானார். அதே மாதம் 29ஆம் நாள் தம்பி ஃபிராங்கும் மறைந்தார்.