பெரியார் நாத்திகரா, அக்னாஸ்டிக்கா? திருச்சி பிள்ளையார் வழக்கு சொல்வது என்ன?

சாமி கும்பிடாத எல்லோரையும் 'நாத்திகர்'னு ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால், 'கடவுள் இல்லை' என்பது வேறு; 'இருக்கா, இல்லையானு உறுதியாகச் சொல்ல முடியாது' என்பது வேறு. முதலாவது நாத்திகம். இரண்டாவது அறியொணாவாதம். இதற்கான 'அக்னாஸ்டிக்' என்ற சொல்லை 1869-ல் உருவாக்கியவர் இங்கிலாந்து உயிரியல் அறிஞர் தாமஸ் ஹக்ஸ்லி.

அப்போ, பெரியார் எந்தப் பக்கம்?

பக்தி வீட்டுப் பிள்ளை

1879 செப்டம்பர் 17-ல் ஈரோட்டில் வசதியான வைணவக் குடும்பத்தில் பிறந்தவர் பெரியார். 1904-ல் காசிக்குப் போனபோது, சாதியைக் காரணம் காட்டிச் சத்திரத்தில் சாப்பாடு மறுக்கப்பட்டது. ஆனாலும், ஊர் திரும்பியபின் தேவஸ்தானக் கமிட்டித் தலைவராகக் கோயில் நிர்வாகத்தையும் பார்த்தார். அவருடைய நாத்திகம் ஒரே நாளில் வந்ததல்ல.

1924-ல் வைக்கம் போராட்டம், 1925-ல் குடிஅரசு இதழ். சாதியை ஒழிக்க, அதைத் தாங்கி நிற்கும் கடவுள், மதம், சாஸ்திரம் மூன்றையும் மறுக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 'தெரியாது' என்ற பதில் அவருக்குப் போதவில்லை. இத்தனைக்கும், அவருடைய இயக்கம் தமிழில் பரப்பிய அமெரிக்கப் பேச்சாளர் இங்கர்சால் ஒரு அக்னாஸ்டிக்!

திருச்சியில் என்ன நடந்தது?

1953 மே 27, மாலை. திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் களிமண் பிள்ளையார் சிலையைப் பொதுவெளியில் உடைத்தார் பெரியார். பக்தர் ஒருவர் வழக்குப் போட்டார். 'வழிபாட்டில் இல்லாத மண் பொம்மை புனிதப் பொருள் ஆகாது' என்ற ரீதியில் கீழ் நீதிமன்றங்களும் உயர் நீதிமன்றமும் புகாரை ஏற்கவில்லை.

1958-ல் உச்ச நீதிமன்றம் அந்த விளக்கம் தவறு என்றது. ஒரு பிரிவினர் புனிதமாகக் கருதினாலே போதும், பூஜையில் இருக்க வேண்டிய அவசியமில்லை என்றது. ஆனால், 5 ஆண்டுகள் ஓடிவிட்டதால் மறு விசாரணைக்கு உத்தரவிடவில்லை.

எல்லா நாத்திகர்களும் சிலை உடைப்பவர்கள் இல்லை. அது பெரியார் தேர்ந்தெடுத்த பிரசார வழி.

ஸ்ரீரங்கத்தில் சிலை

1973 டிசம்பர் 24-ல் பெரியார் காலமானார். 2006 டிசம்பரில் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு எதிரே வைக்கப்பட்டிருந்த அவருடைய சிலை, திறப்பு விழாவுக்கு முன்பே சேதப்படுத்தப்பட்டது. அதே மாதத்தில் புதிய சிலை திறக்கப்பட்டது. கோயிலும் சிலையும் இன்றும் எதிரெதிரே இருக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியலமைப்பின் 25-வது பிரிவு மனசாட்சிச் சுதந்திரம் தருகிறது. நம்புகிறவர், மறுக்கிறவர், 'தெரியலை' என்பவர் என மூவருக்கும் அது பொது. அதனால், ஒருவர் 'நம்பிக்கை இல்லை' என்றால் உடனே முத்திரை குத்தாதீங்க. 'இல்லை' என்கிறாரா, 'தெரியலை' என்கிறாரா என்று கேட்டுப் பாருங்க.