'யுஎஃப்ஓ' என்ற சொல்லைக் கொண்டுவந்தவரே இவர்தான்! அணு ஆய்வுக்கூடம் அருகே தெரிந்த மர்ம ஒளி... யார் இந்த எட்வர்டு ரப்பெல்ட்?

வானத்தில் ஏதோ பறக்கிறது, என்னவென்று தெரியவில்லை என்றால் இன்று உடனே 'யுஎஃப்ஓ' என்கிறோம். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அதற்குப் பெயர் 'பறக்கும் தட்டு'. கேட்டாலே சிரிப்பு வரும் பெயர். அதை மாற்றி, அடையாளம் தெரியாத பறக்கும் பொருள் என்ற பொருளில் 'யுஎஃப்ஓ'-வைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க விமானப்படை கேப்டன் எட்வர்டு ரப்பெல்ட்.

1923-ல் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் பி-29 குண்டுவீச்சு விமானங்களில் பறந்து பதக்கங்கள் வாங்கினார். பிறகு விமானப் பொறியியல் படிப்பு. கொரியப் போர் வந்ததும் மறுபடி ராணுவ அழைப்பு. ஓஹியோவில் உள்ள ரைட்-பேட்டர்சன் தளத்தில் வேலை பார்த்தபோதுதான், 1951 கடைசியில் பறக்கும் தட்டு புகார்கள் அவர் மேஜைக்கு வந்தன. 1952 மார்ச்சில் அந்தப் பிரிவின் பெயர் 'புளூ புக்' ஆனது.

அதுவரை 'ஒண்ணுமில்லை' என்று ஃபைலை மூடுவதுதான் வழக்கம். ரப்பெல்ட் எல்லோருக்கும் ஒரே மாதிரி கேள்வித்தாள் கொண்டுவந்தார். வேற்றுகிரகவாசிதான் என்று அடித்துப் பேசியவர்களையும், எல்லாமே பொய் என்று அடித்துப் பேசியவர்களையும் தன் குழுவில் வைத்துக்கொள்ளவில்லை.

அணு ஆய்வுக்கூடம் பக்கம் ஏன்?

அவரை யோசிக்க வைத்த விஷயம் வேறு. அணுசக்தி மையங்கள், முக்கிய ராணுவத் தளங்கள் இருக்கும் பகுதிகளிலிருந்தே புகார்கள் அடிக்கடி வந்தன.

குறிப்பாக நியூ மெக்ஸிகோ. முதல் அணுகுண்டு உருவான லாஸ் அலமோஸ் அங்கேதான் இருக்கிறது. அணு ஆயுத வேலை நடக்கும் சாண்டியாவும் அங்கேதான். 1948 இறுதியிலிருந்து அந்தப் பகுதி வானில் பச்சை நிற நெருப்புப் பந்துகள் தெரிந்தன. பார்த்தவர்கள் விமானிகள், பாதுகாப்பு அதிகாரிகள், விஞ்ஞானிகள். விண்கல் நிபுணர் லிங்கன் லாபாஸ், இவை வழக்கமான விண்கற்கள் இல்லை என்றார். சத்தம் இல்லை, தேடிப் போனால் ஒரு துண்டு கூடக் கிடைக்கவில்லை. 1949 பிப்ரவரியில் லாஸ் அலமோஸில் ரகசியக் கூட்டம் நடந்தது. அணு விஞ்ஞானி எட்வர்டு டெல்லரும் வந்திருந்தார். பிறகு கேமரா வைத்துப் பிடிக்க 'ட்விங்கிள்' திட்டம். 1951-ல் உருப்படியான முடிவு இல்லாமலே அது முடிந்தது.

சோவியத் வேலையோ என்பதுதான் ராணுவத்தின் நிஜமான பயம். ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். ராத்திரி பகலாகக் காவல் நிற்கும் இடத்தில் வானத்தைப் பார்க்கும் கண்களும் அதிகம், புகாரும் அதிகம். இது மட்டுமே காரணமா என்பதுதான் கேள்வி.

1952 ஜூலையில் தலைநகர் வாஷிங்டன் ரேடாரிலேயே மர்மப் புள்ளிகள் தெரிய, நாடே பரபரத்தது. 1953 ஜனவரியில் சிஐஏ கூட்டிய ராபர்ட்சன் குழு, தட்டுகளால் நேரடி ஆபத்து இல்லை என்றது. புகார்கள் குவிந்து தகவல் தொடர்பு அடைபட்டால், நிஜமான தாக்குதல் வரும்போது தெரியாமல் போய்விடும் என்பதே அதன் கவலை. அதனால் மக்களின் ஆர்வத்தைக் குறைக்கச் சொன்னது. அதே ஆண்டு ரப்பெல்ட் விலகினார்.

1956-ல் வந்த அவரது புத்தகம் எந்தப் பக்கமும் சாயவில்லை. பின்னர் 3 அத்தியாயங்கள் சேர்த்து வந்த பதிப்பில் தட்டுகளை ஏறக்குறைய நிராகரித்துவிட்டார். மிரட்டி மாற்ற வைத்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. பேச்சு மட்டும்தான்.

1960 செப்டம்பரில் மாரடைப்பால் இறந்தார். வயது 37. புளூ புக் 1969-ல் மூடப்பட்டபோது மொத்தப் புகார்கள் 12,618. விளக்கம் கிடைக்காதவை 701.