பண்ணையாளைப் பாடிய பாரதியார்

அரியலூர், பெரம்பலூர்த் தோழர்களுக்குப் பாட்டு என்றால் நடவுப் பாட்டும் தெருக்கூத்தும்தான் நினைவுக்கு வரும். கீர்த்தனையா? அது மேட்டுக்குடியின் சொத்து, நமக்கு எதற்கு என்று ஒதுங்கிவிடுகிறோம். இரண்டுக்கும் நடுவே நின்ற சுவரை 19-ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் இடித்தார். அவர் கோபாலகிருஷ்ண பாரதியார்.

நாகைப் பக்கத்து நரிமணத்தில் பிறந்தவர். மணம் செய்துகொள்ளாதவர். மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர். கர்நாடக இசையோடு, திருவிடைமருதூர் இராமதாசரிடம் இந்துஸ்தானி இசையும் பயின்றார். அந்த வித்தையெல்லாம் யாருக்குப் பயன்பட்டது? பண்ணையாள் நந்தனுக்குப் பயன்பட்டது!

'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யில் கனமான இராகங்களுக்குப் பக்கத்திலேயே சிந்தையும் நொண்டிச் சிந்தையும் உட்கார வைத்தார். பேச்சுத் தமிழைப் பாட்டாக்கினார். பெரியபுராணத்தில் இல்லாத பண்ணை முதலாளியையும் படைத்தார். சிதம்பரம் போக நந்தன் விடுப்புக் கேட்கிறான். நாற்பது வேலி அறுவடையை முடித்துவிட்டுப் போ என்கிறார் அந்த வேதியர். விடுப்புக் கேட்டுத் தலை சொறிந்து நின்ற உழைப்பாளி எவனுக்கும் இந்தக் காட்சி புதிதல்ல.

புலமை உலகம் உடனே வரவேற்றதா? இல்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இலக்கணப் பிழை கண்டு பாயிரம் தரத் தயங்கினார். பிறகு பாரதியார் பாடக் கேட்டு உருகித்தான் தந்தார். காரைக்காலில் பிரெஞ்சு அதிகாரி ஒருவர் நூலை அச்சேற்றினார்.

இந்த வரலாற்றை 1936-இல் நூலாக எழுதிவைத்தவர் உ.வே.சாமிநாதய்யர். அரியலூரிலும் குன்னத்திலும் பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர் அவர். அவருடைய தந்தை, உடையார்பாளையம் சமஸ்தான வித்துவான் கனம் கிருஷ்ணையரின் மாணவர். உ.வே.சா.வும் மாயூரத்தில் சிறிது காலம் பாரதியாரிடம் இசை பயின்றவர். ஆகவே, இந்த இசைக்கும் நம் மண்ணுக்கும் உறவு உண்டு.

ஒரே இரவில் இறைவன் அருளால் அறுவடை முடிந்தது என்பதையும், நெருப்பில் மூழ்கித்தான் நந்தன் கோயிலுக்குள் நுழைய முடிந்தது என்பதையும் நாம் ஏற்பதற்கில்லை. விடுப்பு உழைப்பவனின் உரிமை. வழிபாடு மனிதனின் உரிமை. ஆனால், சேரிக்காரனைக் கச்சேரி மேடையின் நடுவில் நிறுத்திய துணிவை மறப்பதற்கும் இல்லை.

1935-இல் கே.பி.சுந்தராம்பாளும், 1942-இல் தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாக நடித்தார்கள். இசை எவருக்கும் பட்டா எழுதிக் கொடுத்த நிலமல்ல, தோழர்களே! கேட்போம், பாடுவோம், நம் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுப்போம்.